விளம்பரம் எழுதக் கற்ற பிள்ளைகள்

பத்தாம் வகுப்புப் பொதுப் பரீக்ஷையின் இங்கிலீஷ் வினாத்தாளைப் பார்த்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வினா ஞாபகமிருக்கலாம். கடையின் பெயர், விற்கும் சாமான்கள், தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று சில குறிப்புகளைக் கொடுத்து, இவற்றைக் கொண்டு கவர்ச்சியான விளம்பரம் ஒன்று தயாரிக்கும்படி கேட்பார்கள். மதிப்பெண் 5. நம் பிள்ளைகள் அழகாக ஒரு கட்டம் போட்டு, மூலைக்கு ஒரு நட்சத்திரம் வரைந்து, 'விரைந்து வாருங்கள், கையிருப்பு உள்ளவரையில் மட்டுமே' என்ற பொருளில் இரண்டு வரி சேர்த்து, முழு மதிப்பெண்ணையும் வாங்கிவிடுகிறார்கள். கையிருப்பு எவ்வளவு என்று கேட்கும்படி அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

இதைக் கேலியாக நாம் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைச் சுருக்கமாகவும் பிறர் மனத்தில் பதியும்படியும் எழுதக் கற்பது நல்ல பயிற்சிதான். ஆனால் பள்ளியை விட்டு வெளியே வரும் பிள்ளைகளில் விளம்பரம் எழுதிப் பிழைக்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? ஆயிரத்தில் ஒருவர் இருக்கலாம். விளம்பரத்தைப் படித்து, அதை நம்பிப் பணம் கொடுக்கப் போகிறவர்களோ ஆயிரம் பேருமே. ஒருவருக்கு வேண்டிய வித்தையைக் கற்பித்துவிட்டு, எல்லாருக்கும் வேண்டியதை விட்டுவிடுவது விசித்திரமான பாடத்திட்டம்.

திருச்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு முன்னால் இருக்கிறது பாடாலூர். ஆலத்தூர் தாலுகாவைச் சேர்ந்த ஊர். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. பரீக்ஷை விஷயத்தில் இப்பிரதேசத்தை யாரும் குறை சொல்ல முடியாது. 2023-ம் வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தது பெரம்பலூர் ஜில்லா. மறு வருஷம் முதலாவதாக வந்தது பக்கத்து அரியலூர். பழைய திருச்சி ஜில்லாவின் வறண்ட மூலையென்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட பிரதேசம் இப்படி முன்னுக்கு வந்திருப்பது பெருமைப்படத்தக்க விஷயம். ஆகவே நாம் சொல்ல வந்ததைப் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பற்றியதென்று யாரும் கொள்ளவேண்டாம். நன்றாகப் படித்துத் தேறிய பிள்ளைகளைப் பற்றித்தான் நமது கவலை.

பாடாலூர் மாணாக்கன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எங்கே சேர்வது என்பதை அவனுக்கு யார் சொல்கிறார்கள்? தகப்பனார் வெங்காயம் போட்டு எடுத்த பணத்தோடு நிற்கிறார். அவருக்குக் கல்லூரிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. சொல்கிறவை சாலையோரப் பலகையும், பத்திரிகையின் முழுப் பக்க விளம்பரமும், கைபேசியில் வரும் படமுமே. ஒவ்வொன்றிலும் சிரித்த முகத்துடன் இருபது மாணாக்கர். முகத்துக்குக் கீழே ஓர் எண். அதற்குக் கீழே 'நூறு சதவீதம் வேலை' என்ற வாக்கியம். எத்தனை பேரில் நூறு சதவீதம்? எந்த வேலை? என்ன சம்பளம்? இவற்றைக் கேட்க அவனுக்குத் தோன்றுமானால் குடும்பத்தின் பணம் பிழைக்கும். தோன்றாவிட்டால் நான்கு வருஷமும் பணமும் போனபின் விடை தானே தெரியும்.

இது வெறும் கற்பனைப் பயம் அன்று. 2019-ம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட மத்திய ஆணையம், ஐ.ஏ.எஸ். முதலிய பரீக்ஷைகளுக்குப் பயிற்சி தரும் நிலையங்கள் பலவற்றை விசாரித்து அபராதம் விதித்திருக்கிறது. அங்கே வெளிவந்த யுக்தி நம் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கத் தக்கது. பரீக்ஷையில் முதலாக வந்தவரின் படத்தை நிலையம் விளம்பரத்தில் போடுகிறது. பக்கத்திலேயே பெருந்தொகை கட்டிச் சேரவேண்டிய நீண்ட வகுப்புகளின் பட்டியலையும் போடுகிறது. அவர் அவ்வகுப்புகளில் படித்தவர் என்று பார்ப்பவர் எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர் எழுத்துப் பரீக்ஷைகளையெல்லாம் தாமே முடித்துக்கொண்டு, கடைசியில் நேர்முகத் தேர்வுக்கு மட்டும், பெரும்பாலும் இலவசமாக, சில நாள் வந்து போனவர். விளம்பரத்தில் பொய் என்று ஒரு சொல்லைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது. சொல்லாமல் விட்டதுதான் பொய். ஒரே மனிதரின் முகம் பல நிலையங்களின் விளம்பரங்களில் சிரித்துக்கொண்டிருந்ததும் உண்டு. 2022-ம் வருஷத்திய சிவில் சர்வீஸ் பரீக்ஷையில் தேர்வானவர் மொத்தம் 933 பேர். நிலையங்கள் தங்கள் மாணாக்கரென்று உரிமை கொண்டாடிய கணக்கைக் கூட்டினால் அதைப்போலப் பன்மடங்கு வந்தது. கூட்டல் தெரிந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம். 2024-ம் வருஷம் நவம்பரில் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களுக்கென்றே தனி விதிகள் வந்தன.

சட்டம் இருக்கிறதே, பள்ளிக்கூடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சட்டத்துக்குக் குறைவில்லை. அற்புத மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே சட்டம் செய்தோம். 2019-ம் வருஷத்துச் சட்டப்படி, ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லக்ஷம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லக்ஷம் வரையிலும் அபராதம் போடலாம். ஆனால் சட்டம் வந்து சேர்வது பணம் போன பிறகு. பாடம் ஒன்றுதான் அதற்கு முன்பே வரக்கூடியது.

கொங்கு நாட்டு ஈமுக் கதையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெருந்துறையிலிருந்து நடந்த சுசி ஈமு பார்ம்ஸ் கம்பெனி, ஒன்றரை லக்ஷம் ரூபாய் கட்டினால் ஆறு ஈமுக் குஞ்சுகளும் தீனியும் கொடுத்து, வளர்ப்புக் கூலியாக மாதம் 6,000 ரூபாயும் தந்து, இரண்டு வருஷம் கழித்துக் கட்டிய பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொல்லிற்று. தொலைக்காட்சியில் ஓயாத விளம்பரம். அதில் பேர்பெற்ற சினிமா நடிகர்கள். 2012-ம் வருஷம் ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. பட்டினி கிடந்த பறவைகளுக்குச் சர்க்கார் தீனி போடவேண்டியதாயிற்று. விவசாயிகள் புகார் மனுக்களுடன் வரிசையில் நின்றார்கள்.

இந்த ஒரு விளம்பரத்தை ஒன்பதாம் வகுப்பில் வைத்து ஒரு மணி நேரம் பேசிப் பார்க்கட்டும். 6,000 ரூபாயை 24 மாதத்தால் பெருக்கினால் 1,44,000. கட்டிய ஒன்றரை லக்ஷமும் திரும்பி வரும். குஞ்சும் தீனியும் கம்பெனியுடையவை. அப்படியானால் இரண்டு வருஷத்தில் கம்பெனிக்கு ஆறு பறவைகளால் இதற்குமேல் வருமானம் வரவேண்டும். அப்பறவைகளை யார் வாங்குகிறார்கள்? நம் ஊர்ச் சந்தையில் ஈமு இறைச்சியைக் கேட்டு வாங்கியவரைப் பார்த்திருக்கிறோமா? வாங்குவார் இல்லையென்றால் நமக்கு மாதந்தோறும் வரும் பணம் யாருடையது? நமக்குப் பின்னால் கட்டியவருடையது. அவருக்கு? இவ்விடத்துக்கு வந்ததும் வகுப்பு தானே மௌனமாகிவிடும். பிறகு உபாத்தியாயர் ஒன்று கேட்கலாம்: அந்த நடிகருக்கு ஈமுவைப் பற்றி என்ன தெரியும்? வெங்காயச் சாகுபடியில் நஷ்டப்பட்ட தகப்பனாரின் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இது கணக்குப் பாடமா, தமிழ்ப் பாடமா என்ற பேதமே தோன்றாது.

சினிமா விளம்பரம் வேறு ஜாதி. அதை இவ்வளவு கடுமையாகப் பார்க்கவேண்டியதில்லை. டிக்கெட்டு விலையோடு நஷ்டம் முடிந்துவிடுகிறது. ஆயினும் நம் நாட்டில் விளம்பரக் கலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் சினிமாவில்தான் பார்க்கவேண்டும். 1948-ல் 'சந்திரலேகா'வை வெளியிட்ட எஸ்.எஸ். வாசன், விளம்பரத் தொழிலிலிருந்து பத்திரிகைக்கும், பத்திரிகையிலிருந்து படத்துக்கும் வந்தவர். அவ்வருஷக் கடைசியில் ஹிந்தியில் வந்தபோது, அதுவரை இந்தியா காணாத அளவில் விளம்பரம் செய்து, தென்னாட்டுப் படம் வடக்கே ஓடும் என்று காட்டினார். கிராமங்களிலோ மாட்டுவண்டியில் தட்டி கட்டி, தப்பட்டை அடித்து, வர்ண நோட்டீஸ் வீசிப்போனார்கள். பிள்ளைகள் பின்னால் ஓடி நோட்டீஸ் பொறுக்கினார்கள். கதைச் சுருக்கத்தை அச்சிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்தும் வழக்கம் அந்தக் காலத்தியது. இன்றைய முன்னோட்டப் படம் அதன் பேரப்பிள்ளை.

மாற்றம் ஒன்று உண்டு. அன்று வண்டி ஓட்டியவனுக்குக் கூலி கொடுத்தார்கள். இன்று பிள்ளைகள் தாங்களே பணம் போட்டுத் தட்டி வைத்து, கட்-அவுட்டுக்குப் பாலூற்றி, படத்தின் பெயரைக் கைபேசியில் பரப்பி, கம்பெனியின் வேலையைக் கூலியில்லாமல் செய்கிறார்கள். முதல் நாள் வசூல் இத்தனை கோடி என்று தயாரிப்பாளரே விளம்பரப்படுத்துகிறார். அதை வைத்துக்கொண்டு இரு கோஷ்டிகள் சண்டையிடுகின்றன. அக்கணக்கைத் தணிக்கை செய்தவர் யார் என்ற வினா அச்சண்டையில் எழுவதே இல்லை. தணிக்கைச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ம் வருஷம் நவம்பரிலிருந்து 'யு/ஏ' என்ற ஒரே வகை 7, 13, 16 என்று வயதை வைத்து மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சுவரொட்டியில் நடிகரின் பெயர் ஆளுயரம் இருக்கிறது. இந்த எண் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அளந்து வரும்படி மாணாக்கரை அனுப்பினால், எழுத்தின் அளவும் ஒரு பேச்சுத்தான் என்பதை அவர்கள் ஸ்கேலை வைத்தே கற்றுக்கொள்வார்கள். சுப்ரீம் கோர்ட்டே 2024 ஏப்ரலில் பதஞ்சலி வழக்கில் இந்த ஸ்கேலைக் கையிலெடுத்தது: பத்திரிகையில் வெளியிட்ட மன்னிப்பு, முன்பு வெளியிட்ட விளம்பரங்களின் அளவுக்கு இருந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள்.

இவ்வகைப் பாடம் உலகத்துக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் லீவிஸ், டெனிஸ் தாம்ஸன் என்னும் இருவர், பள்ளி மாணாக்கர் விளம்பரங்களைப் பரிசீலிக்கும் பயிற்சிகளுடன் 1933-லேயே ஒரு புஸ்தகம் வெளியிட்டார்கள். ஜனரஞ்சகமானதெல்லாம் தாழ்ந்தது என்ற அவர்களுடைய எண்ணத்தில் நமக்குச் சம்மதமில்லை. சினிமாவை ரசிக்கும் பிள்ளையை வெட்கப்படச் செய்வதால் லாபமில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1987-ல் இதை இங்கிலீஷ் பாடத்தின் கட்டாயப் பகுதியாக்கியது. நமக்கு அருகில் கேரளத்தின் கண்ணூர் ஜில்லாவில், தடுப்பூசியைப் பற்றியும் நிபா காய்ச்சலைப் பற்றியும் பரவிய பொய்களைக் கண்டு, 2018-ம் வருஷம் சுமார் 150 சர்க்கார் பள்ளிகளில், வந்த செய்தியைப் பரப்புமுன் சோதிக்கும் வகுப்புகளை ஜில்லா நிர்வாகம் நடத்தியது. 

தமிழ்நாட்டில் அஸ்திவாரம் போட்டாகிவிட்டது என்றே சொல்லலாம். 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் சிறுவர் படங்களைத் திரையிட்டு, அவற்றைப் பற்றிப் பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைத்திருக்கிறார்கள். 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புஸ்தகத்தில் 'திரைமொழி' என்று ஒரு பாடமே சேர்ந்தது. திரைக்கு ஒரு மொழி உண்டென்று ஒப்புக்கொண்டவர்கள், அத்திரைக்குக் கூட்டம் சேர்க்கும் சுவரொட்டிக்கும் மொழி உண்டென்பதை மறுக்க முடியாது.

உபாத்தியாயர்களுக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்பதை அறிவோம். புதுப் பாடம், புதுப் புஸ்தகம், புதுப் பரீக்ஷை என்று கிளம்பினால் இதுவும் மனப்பாடமாகி, 'விளம்பரத்தின் தீமைகள் ஐந்து கூறுக' என்பதில் முடியும். வாரத்துக்கு ஒரு தமிழ் வகுப்பு, ஒரு பழைய பத்திரிகை, நெடுஞ்சாலையோரப் பலகை ஒன்றை எழுதிவந்த தாள், இவை போதும். பத்திரிகை என்றதும் எங்களையும் விட்டுவிட வேண்டாம். காந்தியடிகள் 'யங் இந்தியா'வை விளம்பரமில்லாமலே நடத்தினார். அந்த வைராக்கியம் எங்களுக்கு இல்லை. காசு வாங்கிக்கொண்டு செய்தி உருவில் வெளியிடும் வழக்கத்தைப் பற்றிப் பிரஸ் கவுன்சில் 2010-ல் ஓர் அறிக்கையே வெளியிட நேர்ந்தது. இது செய்தியா, விளம்பரமா என்று பாடாலூர்ப் பிள்ளைகள் எங்கள் பக்கங்களைச் சிவப்பு மையால் குறித்து அனுப்பினால் வந்தனத்துடன் பெற்றுக்கொள்வோம்.

அந்த 5 மதிப்பெண் வினாவையும் எடுத்துவிட வேண்டியதில்லை. அதே கடை, அதே சாமான்கள், அதே தள்ளுபடி இருக்கட்டும். விளம்பரத்தை அச்சிட்டே கொடுத்துவிட்டு, 'பணம் கொடுக்குமுன் கடைக்காரரிடம் நீங்கள் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை எழுதுக' என்று கேட்கட்டும்.