காற்றில் இருக்கும் பசளை

நீண்ட காலத்தின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பும் கமக்காரரின் மனதில் முதலில் எழும் கேள்வி, "இந்த மண் இனி விளையுமா?" என்பதே. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழுந்த குடும்பங்களின் காணிகள், போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்து முடிக்கும்போதே கைக்காசு கரைந்துவிடுகிறது. பிறகு பசளைக்கு எங்கே போவது? குத்தகைக் காணியில் பயிர் செய்வோருக்கும் இதே கவலைதான்.

பசளை இல்லாத காலத்தை நாம் இருமுறை கண்டிருக்கிறோம். 1990களில் வடக்குக்கு யூரியா வருவது தடுக்கப்பட்டிருந்தது. 2021 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் நாடெங்கும் பெரிதும் வீழ்ந்தது.

ஆனால் யூரியா தரும் நைதரசன் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. காற்றில் 78 வீதம் நைதரசன்தான். அதன் இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் பயிரால் அதை உண்ண முடிவதில்லை. அந்தப் பிடியைத் தளர்த்தத் தொழிற்சாலைக்கு 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் பேரளவு அமுக்கமும் வேண்டும். நெல்வயல் சேற்றில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாவோ அதே வேலையைச் சாதாரண வெயிலில் செய்துவிடுகிறது.

இது எப்படி நடக்கிறது? சில பற்றீரியாக்கள் தாவரங்களைப் போல ஒளியிலிருந்து சக்தி பெறுகின்றன. ஊதாநிறப் பற்றீரியாக்களும் நீலப்பச்சை அல்கா எனப்படும் இனங்களும் அத்தகையவை. ஊதாப் பற்றீரியா நைதரசனைப் பதிக்கும் என்பது 1949இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1939இல், வங்காளத்து வயல்மண்ணை ஆராய்ந்த பி. கே. டே, நெல்வயலில் இவ்வேலையைச் செய்வது நீலப்பச்சை அல்காக்களே என்று எழுதியிருந்தார்.

வீடு வேய்வதை நினைத்துப் பாருங்கள். கீழே நிற்பவர் கிடுகை எடுத்துக் கொடுக்க, ஏணியில் நிற்பவர் வாங்கி மேலே நீட்ட, கூரையில் இருப்பவர் கட்டுகிறார். பற்றீரியாவின் உடலிலும் இப்படியொரு கைமாற்று நடக்கிறது. அங்கே கைமாறுவது இலத்திரன். உணவிலிருந்து பிரியும் இலத்திரனை இரும்பு கொண்ட சிறு புரதங்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கி, கடைசியில் நைதரசனேசு என்னும் நொதியத்திடம் சேர்க்கின்றன. இரும்பும் மொலிப்டினமும் கொண்ட அந்த நொதியமே நைதரசனை அமோனியாவாக்குகிறது. ஒரு நைதரசன் மூலக்கூறுக்கு எட்டு இலத்திரன்கள், ஒவ்வொன்றாகப் போக வேண்டும். ஒவ்வொரு இலத்திரனுக்கும் இரண்டு பங்கு சக்தி செலவாகிறது. அந்தச் சக்தியை ஒளி தருகிறது.

இந்த வரிசையில் யார் யார் நிற்க வேண்டும் என்பதைப் பரம்பரையலகுகள் தீர்மானிக்கின்றன. 1993இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் ஓர் ஊதாப் பற்றீரியாவில், இலத்திரனைக் கடத்தும் புரதங்களுக்கான பரம்பரையலகுத் தொகுதியொன்றை இனங்கண்டனர். அவற்றைச் சிதைத்தபோது, நொதியம் இருந்தும் ஒளியில் நைதரசன் பதிக்கப்படவில்லை. ஏணியில் ஆள் இல்லாவிட்டால் கூரையில் இருப்பவர் சும்மாதானே இருப்பார்?

நமக்கு வேண்டிய பாடம் இனித்தான் வருகிறது. இவ்வளவு சக்தி செலவாகும் வேலையைப் பற்றீரியா வீணாகச் செய்வதில்லை. அமோனியா தாராளமாகக் கிடைத்தால், சில ஊதாப் பற்றீரியாக்கள் சில நிமிடங்களிலேயே அந்த நொதியத்தைப் பூட்டிவிடுகின்றன. யூரியா மண்ணில் அமோனியாவாகவே மாறுகிறது. ஆகவே ஒரே தடவையில் அள்ளிக் கொட்டும் யூரியா, இலவசமாக உழைப்பவரை வேலையிலிருந்து நிறுத்துகிறது. பயிர் எடுக்காத மிச்சம் நைத்திரேற்றாகிச் சுண்ணக்கல்லினூடே நம் கிணற்றுக்கு இறங்குகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேற்பட்ட அளவு பதிவாகியுள்ளது. இது கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. நீரைக் கொதிக்கவைத்தாலும் நீங்காது.

அப்படியானால் யூரியாவை நாளைக்கே விட்டுவிடலாமா? வேண்டாம். 2021 நமக்குச் சொன்னது அதைத்தான். படிப்படியாகக் குறைப்போம். யூரியாவைப் பயிர் கேட்கும் வேளையில் பிரித்துப் பிரித்து இடுவோம். நெல்வயலில் வைக்கோலை எரிக்காமல் சேற்றிலேயே மக்க விடுவோம். பற்றீரியாவுக்கு அதுவே உணவு. நீர் நிற்கும் வயலில், நீலப்பச்சை அல்காவைத் தன் இலைக்குள் வைத்திருக்கும் அசோலாவையும் வளர்க்கலாம். நீர் தங்காத செம்மண் தோட்டத்துக்கு இவை உதவா. அங்கே சணலை விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது தாட்போம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடையில் பயறு, உழுந்து, கௌபி போடுவோம். அவற்றின் வேர்முடிச்சில் வேறொரு பற்றீரியா அதே நொதியத்தை வைத்துக்கொண்டு உழைக்கிறது.

நாம் ஊரில் இல்லாத ஆண்டுகளிலும் மண்ணில் இந்த உழைப்பு நின்றுவிடவில்லை. திரும்பிச் செல்லும் நாம் அதைக் குழப்பாமல் இருந்தாலே பாதிப் பசளை சேர்ந்த மாதிரி.