உங்களுக்குத் தெரியுமா? பெயர் போடும்போதே தொடங்கும் திகில்

சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’ (1966) போன்ற துப்பறியும் படங்களைத் தயாரித்தது. அந்தக் காலத்தில் அட்டையிலோ கண்ணாடியிலோ கையால் எழுதிய பெயர்களைத் தனியே படம்பிடித்து, காட்சியின்மேல் பதிப்பார்கள்.

ஹாலிவுட்டில் வடிவமைப்பாளர் சால் பாஸ் அந்த எழுத்தையே அசைய வைத்தார். ‘சைக்கோ’வில் (1960) சாம்பல் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய, பெயர்கள் துண்டாகிச் சேரும். பின்னணியில் பெர்னார்ட் ஹெர்மனின் தந்தி வாத்தியங்கள் மட்டும்!

‘செவன்’ (1995) இன்னும் துணிச்சல். கைல் கூப்பர் வடிவமைத்த அந்தத் தொடக்கத்தில் எழுத்துகள் ஃபிலிமில் கீறியதுபோல நடுங்கும். கொலைகாரனின் குறிப்பேடுகள் தெரியும், முகம் தெரியாது. அந்த வேடத்தில் நடித்த கெவின் ஸ்பேசியின் பெயரும் இருக்காது! யார் என்று பார்வையாளர் முன்கூட்டியே ஊகித்துவிடக் கூடாதே. கடைசியில்தான் அவர் பெயர் வரும். அந்த இறுதிப் பெயர்ப் பட்டியலும் வழக்கத்துக்கு மாறாக மேலிருந்து கீழே இறங்கும்.

தமிழில் புஷ்கர் - காயத்ரியின் ‘விக்ரம் வேதா’ (2017) வேறு வழியைப் பிடித்தது. நாசரின் குரலில், விக்கிரமாதித்தன் - வேதாளம் கதை அனிமேஷனாக விரிகிறது. போலீஸ்காரரும் ரவுடியும் யார் யார் என்பது அங்கேயே பாதி புரிந்துவிடும்.

ஒரே சங்கடம்: நம் ஊரில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தணிக்கைச் சான்றிதழும், திரையில் யாராவது புகைத்தால் புகையிலை எச்சரிக்கைப் படமும் வந்தாக வேண்டும்.