தோசை அரிசிதான், ஆனால் தோசைக்கல்?

“கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.” விருந்துக்கு வந்தவரிடம் நாம் அன்போடு சொல்லும் வார்த்தை இது. சீலியாக் நோய் உள்ளவருக்கு அந்தக் ‘கொஞ்சம்’தான் பிரச்சினை.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் குளூட்டன். ரொட்டி சானாய் மாவைக் கிழியாமல் வீசி விரிக்க முடிவது இதனால்தான். சீலியாக் உள்ளவர் இதை உண்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடைக்குறைவு, இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் தீராத ரத்தச்சோகை, பிள்ளைகள் வளர்ச்சியில் பின்தங்குவது ஆகியவை இதன் அறிகுறிகளாக இருக்கலாம். கேஸ்ட்ரிக் என்று நினைத்துக் காலத்தைக் கடத்துபவர்களும் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் அவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிடக்கூடாது. நிறுத்திய பிறகு செய்யும் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம். தேவையானால் உள்நோக்கிக் கருவி மூலம் குடல் திசுவை எடுத்தும் பார்ப்பார்கள்.

இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை. தவிர்த்தால் குடல் மெல்ல ஆறும். நல்ல வேளையாக அரிசி, உளுந்து, பருப்பு, கேழ்வரகு, காய்கறி, மீன், முட்டை எதிலும் குளூட்டன் இல்லை. வீட்டுச் சமையலில் சமாளித்துவிடலாம். சிக்கல் வெளியே சாப்பிடும்போதுதான்.

ரொட்டி சானாய், சப்பாத்தி, பூரி, மீ கோரேங் கூடாது என்பது எளிதில் புரியும். மறைந்திருப்பவைதான் ஏமாற்றும். தோசை மாவு அரிசியும் உளுந்தும்தான். ஆனால், ரொட்டி சானாய் போட்ட அதே கல்லில் தோசை ஊற்றினால் கோதுமை மாவு ஒட்டிக்கொள்ளும். பூரி பொரித்த எண்ணெயில் வடை, அப்பளம் பொரித்தாலும் அப்படித்தான். மீஹூனும் குவேய் தியாவும் அரிசியில் செய்தவை. அவற்றில் ஊற்றும் கிச்சாப்பில் பெரும்பாலும் கோதுமை உண்டு. சாம்பார், ரசத்தில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். மைலோ, ஹார்லிக்ஸ், பார்லித் தண்ணீர் ஆகியவையும் ஆகாது.

கல்யாண, கோயில் விருந்துகளில் இன்னும் கவனம் தேவை. கேசரி ரவையில் செய்வது, சேமியா பாயசமும் கோதுமைதான். ‘சைவ மட்டன்’ பலவற்றில் குளூட்டனே முக்கியப் பொருள்.

கடைக்காரரிடம் “குளூட்டன் இருக்கிறதா?” என்று கேட்டால் பலருக்குப் புரியாது. “கோதுமை மாவு, மைதா, ரவை, கிச்சாப் ஏதாவது போட்டீர்களா? ரொட்டி போட்ட கல்லா? எண்ணெய் தனியா?” என்று கேளுங்கள். மலாய்க் கடையில் ‘தெப்போங் கண்டும்’ என்றால் புரிந்துகொள்வார்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் பொறுமையாகப் பதில் கிடைக்கும். தெளிவான பதில் வராவிட்டால் வெள்ளைச் சோறு, தயிர், தனிச் சட்டியில் பொரித்த முட்டை போதும். பொட்டல உணவில் பொருள் பட்டியலைப் படியுங்கள். குளூட்டன் உள்ள தானியம் சேர்த்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது மலேசியச் சட்டம்.

‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்லப்படும் உணவில் அனைத்துலக அளவுகோல்படி, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. ஒரே ஒரு துண்டு ரொட்டியிலேயே ஏறத்தாழ 2 கிராம் இருக்கும். 2 கிராம் என்பது 2,000 மில்லிகிராம். ரொட்டித் தூள் ஒட்டிய கரண்டியைக்கூட ஏன் ஒதுக்குகிறார்கள் என்பது இப்போது புரியும்.

சாப்பிட்ட அன்று வலி இல்லாவிட்டாலும் குடல் உள்ளே புண்ணாகலாம். ஆகவே, வீட்டுக்கு வந்தவர் “வேண்டாம்” என்றால் அது மரியாதைக் குறைவு அன்று. வற்புறுத்துவதற்குப் பதிலாக “உங்களுக்கு எது ஆகும்?” என்று முன்கூட்டியே கேளுங்கள். தனிச் சட்டியில் கொஞ்சம் சோறும், பெருங்காயம் போடாத பருப்பும் எடுத்து வையுங்கள். நம் வீட்டுப் பந்தியில் அவரும் பயமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட அது போதும்.