மீண்டு வந்த விண்மீன் தவளை

கல்லினுள் தேரைக்கும் இரை அளிப்பவன் இறைவன் என்பது நம்மவர் வழக்கு. அருளின் பெருமையை உணர்த்த நம் முன்னோர் தேரையை எடுத்துக்கொண்டமை கருதத்தக்கது. நுணல், தேரை, மண்டூகம், தவளை என அவர்கள் பல பெயரிட்டு வழங்கிய இவ்வுயிர்களை நாமோ மாரிகாலத்து இரைச்சலாக மட்டுமே அறிந்துள்ளோம். நம் தீவிலே ஏறத்தாழ 160 ஆண்டுகள் மறைந்திருந்து மீண்ட ஒரு தவளையின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம். அதனை முதலில் உலகுக்கு அறிவித்தவர் நம் திருகோணமலையோடு தொடர்புடையவர் என்பது நமக்கு மகிழ்வூட்டும் செய்தியாகும்.

அவர் 1819 இல் மாத்தறையிற் பிறந்த எட்வேட் பிரெடரிக் கெலாட் என்னும் படை மருத்துவர். 1852 இல் இலங்கையின் விலங்குகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் முத்துச் சிப்பியின் இயல்பை ஆராயுமாறு பணிக்கப்பட்டு, திருகோணமலையிலிருந்து 1858 இல் அறிக்கை விடுத்தார். நம் துறைமுகக் கரையிலே ஓடில்லாக் கடல் நத்தைகள் பலவற்றைக் கண்டு முதன்முதல் விவரித்தவரும் அவரே. 1860 இல் கடற்பயணத்தின்போது காலமானார்.

நுவரெலியாவிலே தாம் கண்ட சிறு தவளையொன்றை அவர் 1853 இல் விவரித்தார். அதன் மேனியிலுள்ள புள்ளிகளைக் கருதி விண்மீனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். அதன்பின் அத்தவளையை எவரும் கண்டிலர். அவர் வைத்திருந்த மாதிரியும் தொலைந்துபோயிற்று. பெயர் இருந்தது, பெயருக்குரிய உயிர் இல்லை. அஃது அழிந்துவிட்டதென்றே அறிஞர் எண்ணினர்.

அஃது ஏன் மறைந்தது? விடை காண அதன் வாழ்க்கையை அறிதல் வேண்டும். நம் மாவட்டத்துத் தவளைகள் வாடைக்காற்று மழையிலே நிரம்பும் குளங்களையும் வயல்களையும் நம்பி வாழ்வன. அவை நீரில் முட்டையிடும், முட்டை வாற்பேத்தையாகும், பேத்தை காலும் கையும் பெற்று வாலிழந்து கரையேறும். மரத்தவளையோ நீருக்கு மேலே நுரைக்கூடு அமைக்கும். அதிலிருந்து பேத்தைகள் நீரில் விழும். மலைநாட்டு விண்மீன் தவளையின் குலம் இவற்றினின்றும் வேறுபட்டது. இக்குலத்தில் 70 இற்கு மேற்பட்ட இனங்கள் இலங்கைக்கே உரியன. இவற்றுக்கு வாற்பேத்தைப் பருவமே இல்லை. பெரும்பாலானவை காட்டுச் சருகின் கீழுள்ள ஈரமண்ணில் முட்டையிடும். பேத்தை நீரிற் பெறும் வளர்ச்சி யாவும் முட்டைக்குள்ளேயே நிகழ, முழு உருவம் பெற்ற குஞ்சு வெளிவரும்.

எனவே இவற்றுக்குக் குளம் வேண்டுவதில்லை. நிழலும் ஈரமும் இன்றியமையாதன. மரம் வீழ்ந்தால் வெயில் நிலத்தைச் சுடும், சருகு உலரும், முட்டை வற்றும். தோலாலும் மூச்சுவிடும் தவளையும் மடியும். 1830 ஆம் ஆண்டுகள் தொடங்கிக் கோப்பிக்காகவும், 1869 இற் கோப்பியை இலைநோய் பற்றியபின் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. உலகில் அழிந்தனவாகக் குறிக்கப்பட்ட தவளையினங்களில் ஏறத்தாழப் பாதி இச்சிறு தீவுக்குரியவை என்பது நம்மை நாணச் செய்ய வேண்டும்.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காட்டில் இலங்கை ஆய்வாளர் பொறுமையுடன் தேடி, விண்மீன் தவளையைக் கண்டெடுத்து 2013 இல் அறிவித்தனர். 1876 இன் பின் எவரும் காணாதிருந்த கண்டித் தேரையும் அதே காட்டிற் கிடைத்தமை 2012 இல் வெளியாயிற்று. காடு எஞ்சியிருந்தமையால் உயிரும் எஞ்சியிருந்தது. தேடியவர் இருந்தமையால் அஃது அறியப்பட்டது. எனினும் அது பிழைத்துவிட்டதென எண்ணுதல் தவறு. அதன் வாழிடம் மிகக் குறுகியது. மரநிழலில் ஏலம் பயிரிடக் கீழ்ச்செடிகளை அகற்றுவதும், யாத்திரிகர் எறியும் குப்பையும் அக்காட்டுக்குத் தீங்கு செய்கின்றன. அம்மலைக்குச் செல்லும் நம்மவர் கொண்டுபோன பொலித்தீன் பையை மீளக் கொண்டுவருதலும் ஒரு வழிபாடே.

மலைத்தவளையால் கடற்கரையாராகிய நமக்கு ஆவதென்ன என வினவலாம். மத்திய மலைநாட்டில் ஊறும் மகாவலியே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. அத்தவளைக்கு ஈரம் தரும் மலைக்காடுகளே நம் வயலுக்கு நீரும் தருகின்றன. நம் ஊர்த் தவளைகளுக்கும் நாம் செய்ய வேண்டுவன உள. பூச்சிகளை உண்டு பயிரைக் காக்கும் அவற்றை அளவிறந்த நஞ்சு தெளித்து மாய்த்தல் ஆகாது. சிறு குளங்களைத் தூர்த்து மனை ஆக்குதலும் ஆகாது.

தவளையும் தன் வாயாற் கெடும் என்பர். இன்றோ ஆய்வாளர் தவளைகளை இரவிற் கண்டறிய அவற்றின் குரலே துணையாகின்றது. மாணவச் செல்வர்கள் வரும் மாரியிலே தம் ஊர்க் குளக்கரையில் எத்தனை வகைக் குரல் கேட்கின்றன என ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதுவார்களாக. அடுத்த விழா மலர் வெளிவரும் நாளில் அவற்றுள் எவை எஞ்சியுள்ளன என்பதை அக்குறிப்பேடு கூறும்.