சீட்டுக்கு ஏற்ற புத்தகம்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசலையொட்டிய வேப்பமரத்து நிழலில், மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து, பித்தளைச் செம்பு ஒன்றில் மடித்துப் போட்டிருக்கும் சீட்டுகளில் ஒன்றைக் கூட்டத்திலேயே வயதிற் சிறியவரைக் கொண்டு எடுக்கச் செய்து, அதில் எழுதியிருக்கும் ஒற்றை வரியை உரக்கப் படித்துக் கேட்பது ஐந்து வருஷங்களாக நடந்துவருகிற வழக்கம். தலைப்பில் மரம் வரும் புத்தகம், நீங்கள் பிறந்த வருஷத்தில் வெளிவந்த புத்தகம், வேற்று மொழியிலிருந்து வந்த புத்தகம் என்று இப்படி ஏதாவதொன்று அதில் இருக்கும். அந்த வரிக்குப் பொருந்துகிற நூலை ஒவ்வொருவரும் தாமே தேடிக் கண்டு, அடுத்த கூட்டத்திற்குள் படித்து முடித்து வரவேண்டும்; ஒருவர் பெயர் கொடுத்துவிட்ட புத்தகத்தை இன்னொருவர் எடுக்கலாகாது. விதி இவ்வளவுதான்.

வாசிப்புச் சவால் என்ற பெயரில் இத்தகைய ஏற்பாடுகள் பல தேசங்களில் நடைபெறுகின்றன. அமெரிக்காவில் புக் ரயட் என்ற நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய சவாலில் வருஷத்திற்கு 24 நிபந்தனைகள். வாசகர் தமக்குப் பழக்கமில்லாத ஆசிரியர்களையும் பழக்கமில்லாத துறைகளையும் நாடிச் செல்லவேண்டும் என்பதே அதன் உத்தேசம். முதல் வருஷம் நாங்களும் அங்கே வழங்கும் நிபந்தனைகளையே மொழிபெயர்த்துச் செம்பில் போட்டோம். ஆனால், ‘உங்கள் பெயரின் முதலெழுத்தையே தம் பெயரின் முதலெழுத்தாகக் கொண்ட ஆசிரியர்’ என்ற சீட்டு வந்த மாதம், தி. ஜானகிராமனைத் தகர வரிசையில் சேர்ப்பதா சகர வரிசையில் சேர்ப்பதா, தகப்பனார் பெயரின் எழுத்து மகனுடைய எழுத்தாகுமா என்ற விவாதத்திலேயே மாலைப் பொழுது கழிந்து, புத்தகத்தைப் பற்றிப் பேச நேரமில்லாமல் போயிற்று. அதன்பின் எங்கள் சீட்டுகளை நாங்களே எழுதத் தொடங்கினோம்.

சீட்டுக்கு ஏற்ற புத்தகத்தைத் தெரிந்தெடுப்பது எப்படி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம், மரச் சீட்டு வந்த மாதத்தைத்தான் நான் முதலில் சொல்லுவது. சீட்டைப் படித்துக் கேட்ட மாத்திரத்தில் நாலைந்து பேர் ஒரே குரலில் ‘ஒரு புளியமரத்தின் கதை’ என்றார்கள். 1966-இல் வெளிவந்த சுந்தர ராமசாமியின் அந்த நாவலை யார் முதலில் சொன்னாரோ அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மற்றவர்கள் அலமாரிகளைத் துழாவவேண்டியதாயிற்று. சு. சமுத்திரத்தின் ‘வேரில் பழுத்த பலா’ ஒருவருக்குக் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி மட்டும் பாமாவின் ‘கருக்கு’ என்று பெயர் கொடுத்தாள். தலைப்பில் மரத்தின் பெயரே இல்லையே என்று ஆக்ஷேபம் எழுந்தது. அவள் அன்று பதில் ஏதும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வரும்போது புத்தகத்தோடு ஒரு காய்ந்த பனைமட்டையையும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல்லைப் போல் வரிசையாகக் கறுத்து நீண்டிருந்த கூர்மையை நூலகர் அம்மையார் விரலால் வருடிப் பார்த்து, சுருக்கென்று கையை இழுத்துக்கொண்டார். “இதுக்குப் பேர்தான் கருக்கு, டீச்சர். எங்க ஆச்சி வீட்டு வேலியிலே இதைத்தான் கட்டியிருப்பாங்க” என்றாள் அந்தப் பெண். நூலகரை அவள் டீச்சர் என்றுதான் அழைப்பாள். தலித் பெண் ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி 1992-இல் வெளிவந்த அந்த நூலுக்கு அந்தப் பெயர் ஏன் வாய்த்தது என்பதை, மட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு எங்களில் ஒருவருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அந்த மாதம் வந்த புத்தகங்களில் சீட்டுக்கு மிகவும் பொருந்தியது அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

சீட்டின் எழுத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் அதன் உட்கிடையையும் பார்க்கவேண்டும் என்று அன்று நான் தெரிந்துகொண்டேன். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ‘தலைப்பில் நிறம்’ என்ற சீட்டுக்கு ஓர் அன்பர் ‘எரியும் பனிக்காடு’ கொண்டுவந்தார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளியிட்ட அந்த நாவலுக்கு ‘ரெட் டீ’ என்று பெயர்; அதாவது மூலத்தில் சிவப்பு இருக்கிறது, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் இல்லை. வெகுநேரம் யோசித்து அதனை ஏற்றுக்கொண்டோம். கூலிகளாகப் போய் அந்த மலைகளில் மடிந்தவர்களின் கதையைப் படித்து முடித்தவர்களுக்கு அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அதே மாதம் வேறொருவர், ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ என்ற தலைப்பில் கருமை இருப்பதாக எண்ணி எடுத்து வந்தார். கரிப்பு என்பது நிறமன்று, உப்பின் சுவை. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளரைப் பற்றிய நாவல் அது. ஆகவே அதனைத் திருப்பி வைக்கவேண்டியதாயிற்று. ஆயினும் அவர் அதை முழுவதும் படித்திருந்தார். அந்தப் பிரயாசை வீண்போகவில்லை என்பதை இனிச் சொல்லப்போகிறேன்.

மூன்றாம் வருஷத்தில், தொடர்ந்து ஐந்து மாதங்களுக்கு ஐந்திணைகளையே சீட்டுகளாக வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எங்கள் அநுபவத்தில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறில்லை. ஏனென்றால் நிலத்தையும் பொழுதையும் மனித உணர்ச்சியையும் ஒன்றாகப் பிணைத்துப் பார்க்கும் இந்தப் பகுப்பை இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கும் நமக்கு, புத்தகம் தேர்வதற்கு வேறு எங்கும் போய் நிபந்தனை கடன் வாங்கவேண்டியதில்லை. குறிஞ்சிக்கு வழி எளிதாக இருந்தது: நீலகிரிப் படகர்களின் வாழ்க்கை மாறிவருவதைப் பன்னிரண்டு வருஷத்துக்கொருமுறை பூக்கும் பூவோடு சேர்த்துச் சொன்ன ‘குறிஞ்சித் தேன்’ இருக்கவே இருக்கிறது. முல்லைக்குத் திகைத்தோம், காடும் மேய்ச்சலும் தற்கால நாவலில் எங்கே என்று தேடியபோது, கொங்கு நாட்டில் ஆடு மேய்க்கும் சிறுவர்களைப் பற்றிய பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ அகப்பட்டது. மருதத்தைச் செழிப்பும் நீர்வளமும் நிறைந்த நிலமாக எண்ணியிருந்த எங்களிடையே, இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ வந்து சேர்ந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையைப் பின்புலமாகக் கொண்ட அந்த நாவலைப் பற்றிப் பேசி முடித்தபோது, வயல் யாருடையது, விளைச்சல் யாருடையது என்று கேளாமல் மருதத்தைப் பற்றி இனிப் பேசமுடியாது என்று தோன்றிற்று. நெய்தல் மாதத்தில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ ஆகியவற்றோடு, முன்பு நிறச் சீட்டில் தவறிய ‘கரிப்பு மணிகள்’ தனக்குரிய இடத்தில் வந்து அமர்ந்தது. உப்பு விளைப்பதும் உப்பு விற்பதும் சங்கப் பாட்டுகளில் நெய்தலுக்கே உரியவை அல்லவா?

பாலைக்குத்தான் உண்மையான தர்க்கம் நடந்தது. பாலைவனத்தில் நடக்கும் கதை எது என்று ஆளுக்கொரு பக்கம் தேடிக்கொண்டிருக்கையில், கூட்டத்தில் வழக்கமாக அதிகம் பேசாத ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, “ஐயா, பாலைக்கு உரியது பிரிவுதானே? பிரிவுக்கு மணல்காடு எதுக்கு? நாற்பது வருஷம் பினாங்குக் கடுதாசியும் சிங்கப்பூர் மணியார்டரும் கொடுத்தவன் நான். எனக்குத் தெரியாதா?” என்றார். அவர் சொன்னது நியாயம். பாலைக்கென்று தனியே நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் காட்டும் முறை. அவர் கொண்டுவந்தது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972-இல் வெளிவந்த அந்நாவலில், இரண்டாம் உலக யுத்த காலத்தில் மெடானிலும் பினாங்கிலும் அலையும் தமிழ் இளைஞன், மதுரைத் தெருக்களை நினைவிலே சுமந்து திரிகிறான். மணல் ஒரு பிடிகூட இல்லாத பாலை அது.

பிறந்த வருஷச் சீட்டு வரும்போது அட்டையைப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே இரண்டாம் மூன்றாம் பக்கத்தில் ‘முதற் பதிப்பு’ என்று அச்சிட்டிருக்கும் வருஷத்தைப் பார்க்கவேண்டும். 1950-இல் பிறந்த ஒருவர், டாக்டர் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ எடுத்தார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-இல் ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற அந்தக் கிரந்தம் நூலாக வெளிவந்தது 1950-இல்தான், ஆகவே ஏற்றுக்கொண்டோம்.

மொழிபெயர்ப்புச் சீட்டுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றே: புத்தகத்தை அலமாரியருகே நின்றபடியே முதல் இரண்டு பக்கம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் வைத்துவிடுங்கள். ஏனென்றால் இந்த மாதத்தில் நீங்கள் தெரிந்தெடுப்பது மூல ஆசிரியரை மட்டுமன்று, மொழிபெயர்ப்பாளரையும்தான். நார்வே தேசத்து நட் ஹாம்சனைக் க.நா. சுப்ரமண்யம் ‘நிலவள’மாகத் தந்ததும், தகழியின் ‘செம்மீ’னைச் சுந்தர ராமசாமி தந்ததும், வங்காளத்து ‘ஆரோக்கிய நிகேதன’த்தைத் த.நா. குமாரஸ்வாமி தந்ததும் இந்தச் சோதனையில் நிற்கும்.

தை மாதத்திலேயே வருஷம் முழுவதற்கும் ஜாபிதா போட்டுவிடுவது நல்லதன்று. முதல் வருஷம் நான் அப்படிச் செய்து, சித்திரை வருவதற்குள் படிப்பு கடமையாகிவிட்டது. அடுத்த வருஷம் முதல் அந்தந்த மாதத்துச் சீட்டை அந்தந்த மாதமே யோசிக்கிறேன். ஒரு புத்தகத்தை இரண்டு சீட்டுகளுக்குக் கணக்குக் காட்டுவதையும் நான் ஒப்புவதில்லை. ஆனால் அறுவடையோ பரீட்சையோ கல்யாணமோ வரும் மாதத்தில் சிறிய புத்தகத்தை எடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ ஒரே மாலையில் படித்துவிடக்கூடியது. காளையும் மனிதனும் எதிரெதிரே நிற்கும் அந்தச் சில நாழிகைகள் ஐந்நூறு பக்க நாவல்கள் பலவற்றைவிட அதிக நாள் மனத்தில் தங்கும். விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள், அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும், பழைய இலக்கியங்களை 1998-இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்திலும் காசில்லாமல் படிக்கலாம்.

சென்ற மார்கழிக்கு நான் எழுதிப் போட்ட சீட்டு, ‘இந்த நூலகத்தில் நெடுநாளாக ஒருவரும் எடுக்காத புத்தகம்’ என்பது. நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில், திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரை குத்தியிருப்பார்கள். அந்தத் தாள்களைப் புரட்டிக்கொண்டே போனபோது, 26-ஆம் வயதிலேயே மறைந்த ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ கையில் வந்தது. 1896-இல் முதன்முதலாக நூலுருப் பெற்ற நாவல். எங்கள் நூலகப் பிரதியில் கடைசி முத்திரை 14 ஜூலை 2003. அதற்குக் கீழே தாள் வெறுமையாக இருந்தது. நூலகர் அம்மையார் முத்திரையை மையில் ஒற்றி அந்த வெறுமையின்மேல் அழுத்தியபோது, அன்றைய தேதி கருநீலமாகப் பதிந்தது. இதைப் படிக்கும் அன்பர்கள் இந்த வாரம் தங்கள் ஊர் நூலகத்திற்குப் போய், அப்படி நெடுநாளாகத் தேதி விழாத தாள் ஒன்றைக் கண்டுபிடித்து, அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.