குடியை விட்ட மூன்றாம் நாள்

தினமும் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால், முதல் நான்கு நாட்கள்தான் அவருக்குப் பெரும் கண்டம். ஆண்டுக்கணக்கான குடியின் மந்தத்தை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிவைத்திருக்கும்; மது நின்றதும் அந்த வேகம் கட்டவிழ்கிறது. 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டும். 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாளை ஒட்டி வேறு சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். இடமும் பொழுதும் குழம்பும். 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' எனப்படும் இந்நிலை, கவனிக்காவிட்டால் உயிரைப் பறிக்கும்.

பணியிடச் சோதனைகளோ போதையில் வருபவரை மட்டுமே தேடுகின்றன. வாகனம் ஓட்டுபவருக்கு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. மது எல்லை என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். நேற்று குடியை விட்டவர் ஊதினால் கருவி பூஜ்யம் காட்டும். அவரே சாரத்தில் ஏறி, கீழிருந்து வரும் கலவைச் சட்டியை எட்டி வாங்குவார். அந்த நொடியில் வலிப்பு வந்தால், தடுக்க எந்தச் சோதனையும் இல்லை. சபரிமலைக்கு மாலை போட்டதும், மேஸ்திரி எச்சரித்ததும், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்ததும் ஒரே நாளில் குடியை விட்டுவிட்டு வேலைக்கு வருபவர்கள் உண்டு. அவர்களின் மனஉறுதியைப் பாராட்டுவதோடு சுற்றியிருப்பவர்கள் நின்றுவிடுவதே பெரிய ஆபத்து.

மருத்துவமனையில் இதே நாட்களைப் பெரும்பாலும் பாதுகாப்பாகக் கடக்கலாம். குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம் போன்ற மருந்துகளைத் தொடங்கி, நாளுக்கு நாள் அளவைக் குறைப்பார்கள். தயமின் சத்தை ஊசியாகச் செலுத்துவார்கள். அது குறைந்தால் மூளை பாதிக்கப்படும். பொதுவாக ஒரு வாரம் போதும். இம்மருந்துகள் தூக்கம் தருவதால், அந்த நாட்களில் இயந்திரத்தையோ ஸ்டியரிங்கையோ தொடக் கூடாது. போதை நீக்கம் முதல் படிதான்; ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும் இல்லாவிட்டால் பழக்கம் திரும்பிவிடும்.

குடிப்பவரை நீக்குவதே மற்றவர்களுக்குப் பாதுகாப்பு என்று வாதிடும் நிர்வாகங்களும் உண்டு. ஆனால், வேலை போகும் என்ற பயம் இருந்தால் நடுங்கும் கையை யாரும் காட்ட மாட்டார்கள். மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய் என்றே வரையறுக்கிறது. நோய்க்குரிய விடுப்பு, அந்த வாரத்துக்குக் கூலி, திரும்பியதும் சில காலம் உயரமும் இயந்திரமும் இல்லாத வேலை: இம்மூன்றும் உறுதியானால்தான் தொழிலாளி முதல் நாளே மேஸ்திரியிடம் வாய் திறப்பார்.