மீன் நோயுற்றால் முதலில் நீரைப் பாருங்கள்

நேற்று மாலை வரை தீனியைக் கண்டதும் ஓடிவந்த மீன்கள், இன்று காலையில் நீரின் மேற்பரப்பில் வாயைப் பிளந்து தவிக்கின்றன. ஒன்று அடியில் சாய்ந்து கிடக்கிறது. மற்றொன்று கூழாங்கற்களில் உடலை உரசிக்கொள்கிறது. வீட்டில் மீன் வளர்ப்போரில் பலர் இக்காட்சியை ஒருமுறையேனும் கண்டிருப்பர். உடனே கடைக்கு விரைந்து, நீல நிற மருந்து ஒரு குப்பியும் மஞ்சள் நிற மருந்து ஒரு குப்பியும் வாங்கி வந்து தொட்டியில் ஊற்றுவதே பொதுவான வழக்கம். பல வேளைகளில் எஞ்சியிருந்த மீன்களும் மறுநாளே மடிந்துபோகின்றன.

சென்னை கொளத்தூரிலும், மும்பை குர்லாவிலும், கொல்கத்தாவின் கேலிஃப் வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் வண்ணமீன் வாங்கிச் செல்லும் குடும்பங்கள் ஏராளம். மீனையும் தொட்டியையும் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை நாம் நீரிடம் காட்டுவதில்லை. மீனுக்கு நீரே காற்று, நீரே கழிவறையும்கூட. எனவே ஒரே இரவில் பல மீன்கள் நலிவுற்றால், கிருமியைத் தேடுமுன் நீரைச் சோதிப்பதே முறை.

மூன்று கேள்விகள்

மருந்தைத் தொடுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது: எத்தனை மீன்கள், எவ்வளவு விரைவில்? வெவ்வேறு இன மீன்கள் யாவும் சில மணி நேரத்தில் ஒருசேரத் தவித்தால், நீரில் நஞ்சு கலந்திருக்கலாம். அல்லது ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். இன்று ஒன்று, நாளை இரண்டு, மறுநாள் நான்கு எனப் பரவினால் தொற்றுநோயை ஐயுறலாம். ஒரே ஒரு மீன் மட்டும் ஒதுங்கி நின்றால் முதுமை, காயம், பிற மீன்களின் தாக்குதல் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம்.

இரண்டாவது: முதலில் வீழ்ந்தது எது? பெரிய மீன்கள் முதலில் மேலெழுந்து வாயைத் திறந்தால், பெரும்பாலும் அது ஆக்சிஜன் குறைவின் அறிகுறி. அண்மையில் வாங்கிவிட்ட மீனிடம் முதலில் அறிகுறி தோன்றினால், நோய் அதனுடன் வந்திருக்கக்கூடும்.

மூன்றாவது: கடந்த பதினான்கு நாள்களில் என்ன மாறியது? புதிய மீன், நீர் மாற்றம், வடிகட்டியைக் கழுவியது, நீண்ட மின்வெட்டு, அறைக்கு வண்ணம் பூசியது, கொசு மருந்து தெளித்தது எனச் சிறியதாகத் தோன்றுவதையும் நினைவுகூர வேண்டும். காற்றடிக்கும் கருவி அறைக்காற்றை உறிஞ்சி நேரே நீருக்குள் செலுத்துகிறது. அறையில் தெளித்த பூச்சிமருந்தும் அவ்வழியே உள்ளே சென்றுவிடும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

நீர் பளிங்குபோல் தெளிந்திருப்பது அது நல்ல நீர் என்பதற்குச் சான்றாகாது. மீன்கள் செவுள் வழியே அம்மோனியாவை ஓயாது வெளியேற்றுகின்றன. தின்னாமல் விடப்பட்ட தீனியும் அழுகி அம்மோனியாவைத் தருகிறது. வடிகட்டியில் குடியேறும் நன்மைசெய் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வாங்கிய அன்றே தொட்டியை மீன்களால் நிரப்பியவர், இரண்டாம் வாரத்தில் துயருறுவது இதனால்தான்.

அம்மோனியாவின் கொடுமை பிஎச் அளவைப் பொறுத்தது. நீரின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாகவும் பிஎச் 7 ஆகவும் இருக்கும்போது, மொத்த அம்மோனியாவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே கடும் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். அம்மோனியா தாக்கிய மீனின் செவுள்கள் சிவந்து வீங்கியிருக்கும். மூச்சு விரைவாக இருக்கும்.

நைட்ரைட் மீனின் குருதியிலுள்ள ஹீமோகுளோபினைச் செயலிழக்கச் செய்கிறது. நீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறும். செவுள்கள் பழுப்பு நிறமாகும். இதற்கு நம் சமையலறை உப்பே கைகொடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது. லிட்டருக்கு 1 கிராம் என்ற அளவைத் தனியே நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். நீர்ச்செடிகளும் செதிலற்ற கெளுத்தி வகைகளும் உள்ள தொட்டியில் அளவைக் குறைப்பது நன்று.

குழாய்நீர், கோடை, மின்வெட்டு

நகரக் குழாய்நீரில் நமது நலத்திற்காகக் கலக்கப்படும் குளோரின், மீனின் செவுளைச் சுட்டுவிடும். நீர் மாற்றிய சில மணி நேரத்தில் மீன்கள் துள்ளித் தவித்தால் முதல் ஐயம் இதன்மீதே எழ வேண்டும். நீரைத் திறந்த வாளியில் 24 மணி நேரம் காற்றடித்து வைக்கலாம். அல்லது வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியை அளவறிந்து சேர்க்கலாம். கிணற்று நீரில் குளோரின் இராது. ஆயினும் ஆழத்திலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் அதற்கும் காற்றடிப்பு தேவை.

வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராமே கரையும். அதே வேளையில் மீனின் தேவையோ கூடுகிறது. மின்வெட்டு நீண்டால் இன்னோர் இடரும் உண்டு. நீரோட்டம் நின்ற வடிகட்டியில் நன்மைசெய் பாக்டீரியாக்கள் மடியத் தொடங்கும். பல மணி நேரம் நின்றிருந்த மூடிய வடிகட்டியை அப்படியே இயக்காமல், அதன் பஞ்சைத் தொட்டி நீரில் அலசிய பின்னரே இயக்க வேண்டும். குழாய்நீரில் கழுவினால் எஞ்சிய பாக்டீரியாக்களும் அழிந்துவிடும்.

மாதக்கணக்கில் நீர் மாற்றாத பழைய தொட்டியில் நிலைமை வேறு. அங்கே பிஎச் படிப்படியாகத் தாழ்ந்து, அம்மோனியா நச்சுத்தன்மை குறைந்த வடிவில் தேங்கியிருக்கும். திடீரென்று பாதி நீரை மாற்றினால் பிஎச் உயர்ந்து, தேங்கியது முழுவதும் நஞ்சாகிவிடும். ஆகவே இத்தகைய தொட்டியில் நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டுமே மாற்றிச் சீர்ப்படுத்த வேண்டும்.

உடல் சொல்லும் செய்தி

நீர்ச்சோதனையில் குறையில்லை எனில், மீனின் உடலை உற்றுநோக்கலாம். உப்புத்தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் இருந்தால் அது வெண்புள்ளி நோய். அதன் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் வளர்ந்து, பின்னர் அடித்தளத்தில் விழுந்து, நூற்றுக்கணக்கில் பெருகி, மீண்டும் நீந்திவந்து மீனைப் பற்றுகிறது. நீந்தும் பருவத்தில் மட்டுமே மருந்து அதனைக் கொல்லும். புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துவோரின் தொட்டியில் நோய் திரும்புவது இதனால்தான்.

இருட்டில் கைவிளக்கை அடித்துப் பார்க்கும்போது பொன்துகள் படிந்ததுபோல் மின்னினால், அது வெல்வெட் எனப்படும் ஒட்டுண்ணி நோய். வாயருகே பஞ்சுபோன்ற படலமும் முதுகில் சேணம்போன்ற வெளிறிய பட்டையும் தோன்றினால் காலம் தாழ்த்தலாகாது. பலர் இதனைப் பூஞ்சை என்று கருதுவர். இது காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கக்கூடும். வெப்பமான நீரில் ஓரிரு நாளிலேயே உயிரைப் பறிக்கும். வயிறு உப்பிச் செதில்கள் சிலிர்த்து நிற்பது தனியொரு நோயன்று. சிறுநீரகம் முதலான உள்ளுறுப்புகள் பழுதுற்றதன் அறிகுறி. அந்நிலையில் மீள்வது அரிது.

முதல் ஒரு மணி நேரம்

காரணம் எதுவாயினும் தீங்கு செய்யாத முதலுதவிகள் சில உண்டு. காற்றடிப்பைக் கூட்டுங்கள். தீனியை நிறுத்துங்கள்; நலமான வளர்ந்த மீன் சில நாள்கள் உண்ணாதிருப்பதால் கெடுதியில்லை. இறந்த மீனை உடனே அகற்றுங்கள். அம்மோனியா, நைட்ரைட், பிஎச் மூன்றையும் சோதனைப்பெட்டி கொண்டு அளந்து எழுதி வையுங்கள். பழைய தொட்டி அல்லாதவிடத்து, குளோரின் நீக்கிய, ஒத்த வெப்பமுள்ள நீரால் கால் பங்கை மாற்றுங்கள்.

நோயறியாது மருந்திடல் இருமடங்கு தீது. மெத்திலீன் நீலமும் பல நுண்ணுயிர்க்கொல்லிகளும் வடிகட்டியின் நன்மைசெய் பாக்டீரியாக்களையும் அழிக்கவல்லவை; அதன்பின் அம்மோனியா பெருகி, நோயிலிருந்து தப்பிய மீனையும் கொல்லும். விலையுயர்ந்த மீன்களை வளர்ப்போரும் சிறுதொழிலாக இனப்பெருக்கம் செய்வோரும் அருகிலுள்ள மீன்வளக் கல்லூரியை அணுகலாம். ஆய்வுக்கு உயிருடன் உள்ள நோயுற்ற மீனே சிறந்தது. மீன் இறந்து பல மணி நேரமாகிவிட்டால் காரணம் அறிதல் கடினம். அதனுடன் தொட்டி நீரையும் தனிக் குப்பியில் கொண்டுசெல்ல வேண்டும்.

கையில் காயம் இருப்பின் கையுறையின்றித் தொட்டியில் கைவிடலாகாது. மீன்களை நாள்பட மெலியச் செய்யும் மைக்கோபாக்டீரியம் வகையொன்று மனிதரின் தோலிலும் புண்ணை உண்டாக்கும்.

வருமுன் காப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. புதிய மீனை இரண்டு முதல் நான்கு வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தல், வாரந்தோறும் சிறிதளவு நீர் மாற்றுதல், சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே தீனியிடுதல் ஆகிய மூன்றும் போதும். இவற்றோடு ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் வரவும் செலவும் தேதியிட்டுப் பதிவாவதுபோல, நீர் மாற்றிய நாள், புதிய மீன் வந்த நாள், சோதனை அளவுகள் ஆகியவற்றை அதில் எழுதி வந்தால், திடீர் நோய் வரும் நாளில் மூன்றாவது கேள்விக்கான விடை அப்பக்கங்களில் ஆயத்தமாக இருக்கும்.